ஹேங் கிளைடர் கற்றுக்கொள்ளவும் வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும் என்றால்: கேமரா முதலில் தரையில் இருக்கட்டும்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணா, ஹேங் கிளைடர் ஓட்டக் கத்துக்கணும், இறக்கையில கேமரா கட்டி மேலயிருந்து நம்மூரையே வீடியோ எடுக்கணும். எந்தக் கேமரா வாங்கறதுங்க, எங்க கட்டறதுங்க, எத்தன நாள்ல பறக்கலாம், நம்ம பக்கத்து மலையில இருந்தே குதிக்க முடியுங்களா?"

சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பையில் இருக்கும் போனே போதும், அதைக் கட்ட வேண்டிய இடம் தரையில் ஒரு ட்ரைபாட், நாள் கணக்கை அப்புறம் பேசலாம், நம் மலைகள் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைச் சொல்லத்தான் மிச்சம் எல்லாம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் "குதிக்க" என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள் தம்பி. ஹேங் கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத பெரிய துணி இறக்கை, அதற்குக் கீழே ஆள் தொங்கிக்கொண்டு பறப்பது. அதில் யாரும் குதிப்பதில்லை, ஓடுகிறோம். ஓட ஓட இறக்கை நம் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும், அது முழுசாக வாங்கிக்கொண்ட பிறகும் கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தரைதான் காலை விட்டு விலக வேண்டும். இதை எனக்கு வாயால் பத்துத் தடவை சொன்னார்கள். மண்டையில் ஏறவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்த பிறகுதான் ஏறியது.

நான் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பவன், உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவே காத்தாடிகள் மேல் ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. நடுவில் இரண்டு வருசம் வேலையாக ஆஸ்திரேலியாவில் இருந்தேன், சிட்னிக்குத் தெற்கே கடலோரமாக. அங்கே ஸ்டான்வெல் பார்க் என்று ஓர் ஊர் இருக்கிறது, 1894-இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பெட்டிப் பட்டங்களை வரிசையாகக் கட்டி அவற்றில் தன்னையே தொங்கவிட்டுத் தரையிலிருந்து 16 அடி உயரம் கிளம்பிய கடற்கரை. இன்றும் சனி ஞாயிறு என்றால் அந்த மேட்டிலிருந்து ஹேங் கிளைடர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். வேடிக்கை பார்க்கப் போனவன் மாட்டிக்கொண்டேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏங்கண்ணு, தரையில நிக்கிற காத்தாடியப் பாத்துக்கிட்டா பத்தாதா, நீயும் ஒரு காத்தாடி ஆகோணுமா?" என்று கேட்டார்.

பயிற்சி ஒரு சின்னப் புல் சரிவில், நம் குளக்கரை மேட்டைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ ஓடிவிட்டு, நன்றாகத்தானே ஓடினேன், ஏன் கிளம்பவில்லை என்று சொல்லிக்கொடுப்பவரிடம் கோபமாகக் கேட்டேன். அவர் பேசாமல் போனை நீட்டினார். பக்கவாட்டில் நின்று எடுத்த வீடியோ. நான் இருபது முப்பது அடி ஓடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதில் மொத்தமே நாலு எட்டு. நாலாவது எட்டில் இரண்டு காலையும் மடக்கி, ஊஞ்சலில் ஏறப் பார்க்கும் பிள்ளை மாதிரி ஹார்னஸுக்குள், அதாவது உடம்பைத் தாங்கும் பட்டைகளுக்குள், தொங்கிவிடுகிறேன். இறக்கை இன்னும் பாரம் எடுத்திருக்கவே இல்லை. கிளைடர் சொத்தென்று கீழே இறங்குகிறது, கையில் பிடிக்கும் சட்டத்தின் அடிக்குழாயான பேஸ் பாரில் மாட்டியிருந்த சக்கரம் தரையைத் தொடுகிறது, நான் வயிற்றால் புல்லைத் தேய்த்துக்கொண்டே போகிறேன், முகத்தில் மட்டும் ஏதோ பறந்துவிட்டவன் மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் வந்த வெட்கம்தான் எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது.

அதே நேரத்தில் என் தலையில் ஒரு கேமரா இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஆடுகிற புல், கொஞ்சம் வானம், ஒரு முட்டு. என் கால் தெரிந்திருக்காது.

இதில் ஓட்டுவதற்கு என்று தனியாக ஒரு கருவியும் இல்லை, நம் உடம்புதான் எல்லாம். இறக்கைக்குக் கீழே ஒரு பட்டையில் தொங்குகிறோம், கைக்கு முன்னால் முக்கோணச் சட்டம். பாரை நம் பக்கம் இழுத்தால் உடம்பு முன்னால் போகும், மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் வேகம் குறையும், அதிகம் தள்ளினால் இறக்கை காற்றைப் பிடிக்கும் பிடியை விட்டுவிடும், அதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். பயந்தவன் கை தானாகவே பாரைத் தள்ளும், தரையிலிருந்து விலகிப் போகிற மாதிரி ஒரு நினைப்பு. அது சரியாக எதிர்வேலை செய்யும். இடது பக்கம் திரும்ப இடுப்பு இடது பக்கம் போக வேண்டும். புதிதாக ஓட்டுகிறவன் தலையையும் தோளையும் இடது பக்கம் நீட்டுவான், கால் இரண்டும் வலது பக்கம் போய்விடும், மொத்தத்தில் பாரம் எங்கும் நகர்ந்திருக்காது. கிளைடர் ஏன் திரும்பவில்லை என்று மேலும் முறுக்குவான். பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் இது வாழைப்பழத்தை வளைத்து வைத்தது போல் பளிச்சென்று தெரியும். ஓட்டுகிறவனுக்குத் தான் திரும்பிவிட்டதாகத்தான் தோன்றும்.

அதனால் முதல் ஐம்பது நூறு ஓட்டத்துக்கு வீடியோ என்றால் அடுத்தவர் எடுக்கிற வீடியோதான். அதையும் கல்யாண வீடியோ மாதிரி கேமராவை வீசி வீசி எடுத்தால் பிரயோசனம் இல்லை. ஓட்டத்தைப் பின்னாலிருந்து எடுங்கள், இரண்டு இறக்கை நுனியும் படத்துக்குள் இருக்க வேண்டும், எந்த நுனி முதலில் தாழ்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. இறங்குவதை நேர் பக்கவாட்டில் நின்று, போனை ட்ரைபாடில் வைத்து, அசைக்காமல் எடுங்கள். படத்துக்குள் ஒரு குச்சியில் கட்டின ரிப்பன் இருக்கட்டும், காற்று அந்த நொடியில் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வினாடிக்கு 60 பிரேம் வைத்தால் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

இறங்குவதைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், ஹேங் கிளைடரில் ஆளை அசிங்கப்படுத்தும் இடம் அதுதான். தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் மட்டமாக வந்து, வேகம் மெல்ல வடிந்து, இனி தாங்காது என்கிற நொடியில் இரண்டு கையாலும் பாரை மேலே முழுசாகத் தள்ள வேண்டும். மூக்கு தூக்கும், இறக்கை பிரேக் போட்ட மாதிரி நிற்கும், கால் தரையில். இதற்குப் பெயர் ஃப்ளேர். அரை நொடி முந்தினால் கிளைடர் பத்தடி மேலே ஏறி அங்கிருந்து விழும், அரை நொடி பிந்தினால் மூக்கு மண்ணைக் குத்தும், முக்கோணச் சட்டத்தின் பக்கக் குழாயான டவுன் டியூப் வளையும், சில சமயம் கையும். அந்த அரை நொடியை உடம்புக்குப் பழக்க, நான் என் வீடியோக்களை ஒலியோடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். வேகம் குறையக் குறையக் கம்பிகளின் ரீங்காரமும் துணியின் சத்தமும் மாறும். வானத்தில் காதும் முகத்தில் படும் காற்றும்தான் நம் ஸ்பீடாமீட்டர். வீடியோ மேல் பாட்டைப் போட்டு மூடிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவர்கள் தூக்கி எறிவது அந்த ஒலியை.

பறப்பவனைத் தரையிலிருந்து படமெடுப்பது இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் 1891-லிருந்து பறந்தார், மூங்கில் பிளாச்சு மாதிரி வளைத்த வில்லோக் குச்சியும் துணியும் வைத்துத் தானே செய்த இறக்கைகளில். 1894-இல் பெர்லின் பக்கத்தில் தனக்கென்று 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்மேடே போட்டார், எந்தப் பக்கக் காற்று வந்தாலும் அதற்கு எதிரே ஓடி இறங்கலாம் என்று. ஓட்டோமார் அன்ஷூட்ஸ் போன்ற புகைப்படக்காரர்கள் அவரைப் படமெடுத்தார்கள், அந்தப் படங்கள்தான் உலகம் சுற்றி, மனிதன் பறக்க முடியும் என்று மற்றவர்களை நம்ப வைத்தன. இரண்டாயிரத்துக்கும் மேல் பறந்தவர், 1896 ஆகஸ்டில் ஒரு பறப்பில் மூக்கு தூக்கி, ஸ்டால் ஆகி விழுந்து மறுநாள் இறந்தார். அவரும் உடம்பை நகர்த்தித்தான் ஓட்டினார், ஆனால் கையிடுக்கில் மாட்டி நின்றதால் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் அசைக்க முடிந்தது.

முழு உடம்பையும் தொங்கவிட்டு, முன்னால் ஒரு சட்டத்தைப் பிடிக்கும் ஏற்பாடு வர 1963 ஆயிற்று. பிரான்சிஸ் ரொகாலோ என்ற அமெரிக்கப் பொறியாளரின் மடக்கு இறக்கையை நாசா விண்கலம் இறக்கப் பயன்படுமா என்று சோதித்துக்கொண்டிருந்த காலம். ஆஸ்திரேலியாவில் கிராஃப்டன் என்ற சிற்றூரில் ஜான் டிக்கன்சன் அதே மாதிரி இறக்கைக்குக் கீழே முக்கோணச் சட்டத்தை வைத்து, மோட்டார் படகுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டார். முதல் இறக்கைக்குத் துணி எது தெரியுமா, வாழைத்தாருக்கு உறை போடுகிற பிளாஸ்டிக். அங்கேயும் வாழை விவசாயம் அதிகம். கோபி, சத்தி பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும்.

சரி, எங்கே கற்றுக்கொள்வது? நம் பக்கம் பொள்ளாச்சியில் பொங்கல் சமயத்தில் பலூன் திருவிழா பார்த்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பலூன் வேறு, கடற்கரையில் படகு இழுக்கும் பாராசெய்லிங் வேறு. பாராகிளைடர் என்பது வெறும் துணி, காற்றுதான் அதற்கு உருவம் கொடுக்கிறது, மடித்தால் முதுகுப் பையில் அடங்கும். ஹேங் கிளைடருக்கு அலுமினியக் குழாயில் எலும்புக்கூடு உண்டு, ஏறக்குறைய 9, 10 மீட்டர் அகல இறக்கை, பழகுகிறவர்கள் ஓட்டும் வகையே இருபது கிலோவுக்கு மேல் வரும், மடித்தாலும் ஐந்தரை ஆறு மீட்டர் நீளம், காரின் மேல் ஏணி கட்டிக் கொண்டுபோக வேண்டும். இந்தியாவில் பள்ளிகள் என்று பார்த்தால் பாராகிளைடிங்குக்குத்தான் அதிகம், இமாச்சலத்தில் பீர் பில்லிங், மகாராஷ்டிரத்தில் காம்ஷெட். பில்லிங்கில் 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பையே நடந்தது. ஹேங் கிளைடரில் பிடிவாதமாக இருந்தால், என் அபிப்பிராயம், முதலில் பாராகிளைடிங்கில் ஓர் அடிப்படை வகுப்பு முடித்துவிடுங்கள், காற்றைப் படிப்பது இரண்டுக்கும் ஒன்றுதான். அப்புறம் வெளிநாட்டில் ஒரு நல்ல பள்ளியில் மூன்று நாலு வாரம் உட்காருங்கள். எனக்குச் சின்னச் சரிவிலிருந்து உயரமான மேட்டுக்குப் போக நாலு மாத சனி ஞாயிறு பிடித்தது, அதில் பாதி நாள் காற்று சரியில்லை என்று பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியது. பழைய கிளைடர் மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். துணியை வெயில் தின்றிருக்கும், கம்பி முனையில் முறுக்கு விட்டிருக்கும், வெளியே பெயின்ட் மட்டும் பளபளக்கும்.

இப்போது நம் ஊர்க் காற்று. இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை வேறு ஊர்க்காரன் சொன்னால் பழமொழி, நம் பக்கம் அது வானிலை அறிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது, தென்மேற்குப் பருவக்காற்று முழுக்க அந்தச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை வீசுகிறது. அதை நம்பித்தான் இத்தனை காத்தாடி. எங்கள் வேலையில் ஒரு கணக்கு உண்டு: காற்று வினாடிக்கு 3, 4 மீட்டர் வந்தால் காத்தாடி உற்பத்தியை ஆரம்பிக்கும், 12 மீட்டர் பக்கம் வந்தால் முழு உற்பத்தி, 25 தொட்டால் தானே நிறுத்திக்கொள்ளும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் முறையே 11 முதல் 14, 43, 90. பழகுகிறவனுக்கு ஏற்ற காற்று முதல் எண்தான். பயிற்சிக் கிளைடர் பறக்க இறக்கை மேல் மணிக்கு முப்பது கிலோமீட்டர் பக்கம் காற்று ஓட வேண்டும், அதில் பன்னிரண்டை எதிர்க்காற்றே கொடுத்துவிட்டால் மிச்சத்தைத்தான் கால் ஓட வேண்டும். காத்தாடி முழு உற்பத்தியில் இருக்கிற நாளில் கிளைடரை வண்டியிலிருந்து அவிழ்க்கக்கூடாது.

இதில் ஒரு சூட்சுமம். காத்தாடியின் நடுமையம் எண்பது நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே இருக்கும் காற்று தரையில் இருக்காது. டவர் மேலே துண்டைப் பறிக்கிற காற்று, கீழே இறங்கி வந்தால் கிளுவை வேலி இலையைக்கூட அசைக்காது. கிளைடர் இறங்கும்போது இதே படிக்கட்டில்தான் இறங்குகிறது. மேலே எதிர்க்காற்று அதிகம், கீழே வர வர திடீரென்று குறையும், அந்தக் குறைவு அப்படியே நம் இறக்கை மேல் ஓடும் காற்றின் வேகத்திலிருந்து கழியும், நாம் ஒன்றும் செய்யாமலே ஸ்டாலுக்குப் பக்கத்தில் போய்விடுவோம். அதனால்தான் இறங்கும்போது கொஞ்சம் பாரை இழுத்து, வேகம் கூட வைத்து வா என்கிறார்கள்.

நம் பக்கத்து மலையிலிருந்து கிளம்பலாமா என்றால், கோவையைச் சுற்றி நாம் தினம் பார்க்கிற சரிவுகள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று மேற்கிலிருந்து வருகிறது, அப்படியென்றால் நாம் நிற்பது மலையின் முதுகுப் பக்கம். அமராவதி ஆற்றில் பெரிய பாறைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் எப்படிச் சுழித்து மேலும் கீழுமாகத் திரும்புகிறது என்று பார்த்திருப்பீர்கள், காற்றும் மலைக்குப் பின்னால் அதையேதான் செய்யும். கொடுமை என்னவென்றால் அந்தச் சுழி சில சமயம் சரிவின் மேலே ஏறி வந்து, நிற்கிறவன் முகத்தில் இதமாக எதிர்க்காற்று மாதிரி படும். அதை நம்பி ஓடினால் முப்பதடி தாண்டியதும் ஆளைக் கீழே அமுக்கும். தை, மாசி காலை நேரங்களில் காற்று சாது, கிழக்கிலிருந்தும் வரும், பொள்ளாச்சியில் பலூன் விடுவதற்கு அந்த மாதத்தைப் பிடித்திருப்பது சும்மா இல்லை. ஆனால் அப்போதும் சரிவு வனத்துறையுடையது, யானை நடமாட்டம் வேறு, அடிவாரத்தில் கோயில் கூட்டம், வானமோ பீளமேட்டு ஏர்போர்ட்டுக்கும் சூலூர் விமானப்படைக்கும் உரியது. அனுமதி வாங்காமல் ஒரு கிளைடர் அங்கே நுழைந்தால் அது சாகசக் கணக்கில் சேராது, போலீஸ் கணக்கில் சேரும்.

பங்குனி, சித்திரையில் வேறு கதை. காய்ந்த மேட்டாங்காடு பதினொரு மணிக்கு மேல் சூடேறி, வெப்பக்காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே புள்ளியாகிப் போகிறதே, அது ஏறுவது இதில்தான், ஹேங் கிளைடர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போவதும் இதில்தான். 2012 ஜூலையில் அமெரிக்காவில் டெக்சாஸின் சபாட்டாவிலிருந்து டஸ்டின் மார்ட்டின் ஒரே பறப்பில் 764 கிலோமீட்டர் போனார். நம் ஊரிலிருந்து மெட்ராஸ் போய்ப் பாதி தூரம் திரும்பி வருகிற தொலைவு. சபாட்டாவும் மலை இல்லாத, முள்மரம் நிறைந்த, காய்ந்த பூமிதான், படத்தில் பார்த்தால் மூலனூர் மாதிரியே இருக்கும். ஆனால் அதே சூடுதான் சூறைக்காற்றையும் கிளப்பும். சருகையும் பாலித்தீன் பையையும் சுருட்டிக்கொண்டு காட்டுக்கு நடுவே நடந்து போகும் அந்தத் தூண், விரித்துக் கூட்டி வைத்த கிளைடரைத் தரையிலிருந்தே புரட்டிப் போடும். பழகுகிறவன் வெயில் ஏறுவதற்குள் மடித்துவிட வேண்டும்.

இறங்குமிடம் இன்னொரு தலைவலி. பொள்ளாச்சிப் பக்கம் முழுக்கத் தென்னந்தோப்பு. உங்கள் காங்கேயத்தில் கொரங்காடு பார்த்தால் ஆசையாக இருக்கும், கொழுக்கட்டைப்புல் மெத்தை மாதிரி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் கிளுவை வேலி, நடுவே நடுவே வெள்வேலாமரம். பயிற்சிக் கிளைடரே ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு ஒன்பது மீட்டர் முன்னால் போகும், தரையை ஒட்டி வந்தால் இன்னும் மிதக்கும், வேலி மேல் உயரமாக வந்துவிட்டோம் என்றால் அடுத்த வேலிக்குள்தான் போய் நிற்கும். கரண்ட் கம்பி மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும்.

அதனால் நான் இங்கே மலையிலிருந்து பறப்பதில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அங்கிருந்து வரும்போது வீட்டுச் சாமானோடு கப்பலில் வந்த என் கிளைடர் தோட்டத்துச் சாளையில் விட்டத்தில் தொங்குகிறது. தை மாசியில் காலை ஏழு மணிக்குக் காலி மேட்டில் கிளைடரைக் கூட்டி, தோளில் ஏந்தி, இளங்காற்றில் மட்டமாக நிறுத்தப் பழகுவேன், ஓடுவேன், தங்கச்சி மகன் வீடியோ எடுப்பான். பறப்பதற்கு வருசம் ஒரு முறை வெளியே போகிறேன்.

இனிமேல் நீங்கள் கேட்ட விஷயம், இறக்கையில் கேமரா. தனியாக, யார் துணையும் இல்லாமல், இறங்குவதைப் பற்றி யோசிக்காமல் இறங்குகிற அளவுக்கு வந்த பிறகு.

கோப்ரோ மாதிரிப் பொடிக் கேமரா 150 கிராம்தானே என்று தோன்றும். இறக்கை நுனியில் வைத்தால் நடுவிலிருந்து நாலரை மீட்டர் தள்ளி நிற்கிறது, நெம்புகோல் கணக்கு. எண்பது கிலோ ஆள் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் எதிர்ப்பக்கம் தள்ளித் தொங்கினால்தான் நேராகப் போகும். ஒரு சென்டிமீட்டர் பெரிசில்லை, ஆனால் ஒரு மணி நேரம் அப்படித் தொங்கிப் பாருங்கள். எடை மட்டும் இல்லை, கேமரா காற்றையும் தடுக்கும். அதனால் அடுத்த நுனியில் அதே எடைக்கு, அதே அளவுக்கு ஒன்று கட்ட வேண்டும். நான் ஒரு சோப்பு டப்பாவில் மணல் போட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துக் கட்டினேன். இறக்கையின் நடுவே முன்பின்னாக ஓடும் கீல் குழாயின் வால் பக்கம் குச்சி நீட்டி வைத்தால் படம் அபாரமாக வரும், முழு இறக்கையும் ஆளும் கீழே ஊரும். ஆனால் தோளில் தூக்கி ஓடும்போது பின்பாரம் கூடி மூக்கு தானாகத் தூக்கும், ஓட்டத்தின் பாதியில் அது வேண்டாத வேலை. குச்சியும் கேமராவும் சேர்ந்து 300 கிராம், இரண்டரை மீட்டர் பின்னால் என்றால், ஏந்திய கிளைடரின் சமநிலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், தோளுக்கு உடனே தெரியும். முதல் தடவை கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது பேஸ் பாரின் மூலையை. எடை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, முகமும் கையும் தெரியும், பார் எவ்வளவு நகர்கிறது என்றும் தெரியும். எங்கே கட்டினாலும் தனியாக ஒரு கயிறு போட்டுக் குழாயோடு முடிந்துவிடுங்கள். மேலிருந்து விழுகிற கேமரா கீழே சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருப்பவர் தலைக்கு ஒரு கல்தான்.

ஹெல்மெட் மேல் கொம்பு மாதிரி வைப்பது எனக்குப் பிடிக்காது. அவசரத்துக்குப் பாராசூட் எறிந்தால் அதன் கயிறுகள் முகத்தைச் சுற்றிப் போகும், அந்த நேரத்தில் தலையில் ஒரு கொக்கி இருக்கக்கூடாது. கட்டாயம் என்றால் இழுத்தால் கழன்றுவிடும் பிடி போடுங்கள்.

அப்புறம் செட்டிங்கில் ஒன்று. இப்போது வரும் கேமராக்களில் அடிவானத்தை எப்போதும் மட்டமாகக் காட்டும் வசதி இருக்கிறது, பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றாது. கற்றுக்கொள்கிறவர் அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் எவ்வளவு சாய்ந்து திரும்பினீர்கள், காற்று எங்கே தட்டியது, நீங்கள் எவ்வளவு தாமதமாகச் சரி செய்தீர்கள் என்பதையெல்லாம் அது நாசூக்காக மறைத்துவிடும். அகல லென்ஸும் பொய் சொல்லும், பத்தடி உயரத்தை முப்பதடியாகக் காட்டும், மற்றவர் வீடியோவைப் பார்த்து உயரம் பழகிவிட்டு வராதீர்கள். பறக்கிற கிளைடரை ட்ரோன் வைத்துத் துரத்துவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கேமராவால் வரும் பெரிய ஆபத்து எடையிலோ கயிற்றிலோ இல்லை, கவனத்தில்தான். 2018-இல் சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் பக்கம், ஒரு சுற்றுலாப் பயணியை இரண்டு பேர் சேர்ந்து பறக்கும் கிளைடரில் கூட்டிப்போன ஓட்டுநர் அவருடைய ஹார்னஸை கிளைடரில் மாட்ட மறந்தே கிளம்பிவிட்டார். அந்த மனிதர் இரண்டு நிமிடத்துக்கு மேல் வெறுங்கையால் தொங்கி, தரைக்குப் பக்கத்தில் கையை விட்டு விழுந்து, மணிக்கட்டு முறிந்து பிழைத்தார். கிளைடரில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, வீடியோ உலகமே பார்த்தது. பிழைக்காதவரும் உண்டு. 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே போல் சரியாக மாட்டாமல் கிளம்பி ஒரு பெண் விழுந்து இறந்தார், ஓட்டுநர் வீடியோ இருந்த மெமரி கார்டை விழுங்கிவிட்டார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். இவற்றுக்குக் கேமராதான் காரணம் என்று சொல்ல வரவில்லை, கவனம் கொஞ்சம் சிதறினால் மாட்டுவதையே மறந்துவிடுவோம் என்பதற்குச் சொல்கிறேன். இரண்டு சம்பவத்திலும் ஒரு ஹேங் செக் போதும்: கிளம்பும் முன் மாட்டிக்கொண்டு, அப்படியே படுத்துத் தொங்கிப் பார்ப்பது. முப்பது நொடி வேலை.

எனக்கும் நடந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எரிந்தது. சந்தோசமாகத் தொங்கிப் பார்த்தபோது உடம்பு ஹார்னஸுக்குள் கீழ்ப்பக்கமாக வழுக்கிற மாதிரி இருந்தது. குனிந்தால் ஒரு கால் பட்டை பூட்டாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன்: கேமராவை முதலில் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும், பேட்டரி தீர்ந்தால் தீரட்டும், அதற்கு அப்புறம்தான் கால் பட்டை, ஹார்னஸைக் கிளைடரோடு மாட்டும் கொக்கியான கேரபினர், ஹேங் செக், ஓட்டம். ஹேங் செக் முடிந்த பிறகு யார் கூப்பிட்டாலும், எது நின்றுபோனாலும், கேமராவைத் தொட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

வானத்தில் கேமராவைப் பார்த்துப் பேசுவதும் வேண்டாம். கண் போகிற பக்கம்தான் கிளைடரும் போகும். பேச வேண்டியதை இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்து பேசிச் சேர்த்துக்கொள்ளலாம்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிறு காலை வாருங்கள் தம்பி, கிளைடர் கூட்டுவதையும் ஏந்திப் பிடிப்பதையும் காட்டுகிறேன், ஓடியும் பார்க்கலாம். ட்ரைபாட் என்னிடம் இருக்கிறது. நீங்கள் வரும்போது வீட்டில் பெரிய தார்ப்பாய் இருந்தால் எடுத்து வந்துவிடுங்கள், போன வருசம் நெல்லுக்கு விரித்தது என்றாலும் பரவாயில்லை. எங்கள் மேட்டில் நெருஞ்சி அதிகம், துணியை வெறுந்தரையில் விரித்தால் அன்று முழுக்க முள் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.